ஏழுக்கு ஆறு

அன்று மெல்பேர்ணில் எங்கள் பகுதிச் சாரணர் மண்டபத்தில் இருந்தவர்கள் பதின்மூன்று பேர். மூலைக்கடை நடத்தும் புருஷனும் பெண்சாதியும். புருஷன்தான் கட்சிக் கிளையின் தலைவர். பொருளாளர் ஜோன், மடியில் பின்னல் வேலையோடு. நகரசபைக்குக் கட்சியின் வேட்பாளராக விரும்பிய ஆசிரியை, அவருடைய கணவர். அதே இடத்துக்கு எதிர்த்து நின்ற இளம் வழக்கறிஞர். வழக்கறிஞருக்காக ஓடித்திரிந்த ரெக், ரெக்கின் இரண்டு மகன்மார், ரெக் தன் காரில் ஏற்றிவந்த இரண்டு கிரேக்கத் தொழிலாளர். என்னை அந்தக் கிளைக்கு முதலில் கூட்டிப்போன லெஸ். பிறகு நான். லெஸ்ஸின் நாயும் வாசலில் படுத்திருந்தது; அதற்கு வாக்கில்லை.

ஊரில் இருப்பவர்களுக்கு இது விளங்காது என்று தெரியும். எனக்கும் கனகாலம் விளங்கவில்லை. எங்கள் பக்கத்தில் வேட்பாளர் யாரென்பதைப் பெரியவர்கள் ஒரு வீட்டு விறாந்தையில் இருந்து தீர்மானிப்பார்கள். நாங்கள் ஒலிபெருக்கியில் கேட்டுத் தெரிந்துகொள்வோம். பிடிக்காதவர் அடுத்த கிழமை வேறு கட்சி தொடங்குவார். இங்கே ஒரே கட்சிக்காரர் இரண்டாகப் பிரிந்து, துண்டுக் கடதாசியில் ஒருவரையொருவர் தோற்கடித்துவிட்டு, உடனே எழுந்து ஒரே கேத்தலில் தேநீர் ஊற்றிக் குடிக்கிறார்கள். அந்தத் தேநீர்தான் எனக்கு எப்போதும் அதிசயமாக இருந்தது. சண்டை எங்கே போயிற்று என்று கோப்பைக்குள் எட்டிப் பார்க்கத் தோன்றும்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன். ஆனால் வாசிக்கத் தெரியும், குரலும் இருந்தது. அதனால் பதினைந்து வயதில் சுருட்டுக் கொட்டிலில் பேப்பர் வாசிக்கிற வேலை கிடைத்தது. சுருட்டுச் சுற்றுகிறவர்களுக்குக் கை ஓயாது, காது சும்மா இருக்கும். காதுக்கு நான். உள்ளூர்ச் செய்தி முடிந்ததும் வெளிநாட்டுச் செய்தி. அமெரிக்காவில் ஒரு கட்சி தன் வேட்பாளரைத் தெரிவுசெய்வதற்கு மாநிலம் மாநிலமாகத் தேர்தல் வைக்கிறது என்று நான் முதலில் வாசித்த நாளில், கொட்டிலே கையை நிறுத்திவிட்டது.

“சொந்தக் கட்சிக்குள்ள அடிபடுறதுக்கும் எலெக்சனோ?” என்றார் கந்தையாண்ணை.

“ஓம் அண்ணை. பனிக்குள்ள நிண்டு வோட்டுப் போடுதுகளாம்.”

“அப்ப எங்கட ஆக்களும் வைச்சா என்ன?”

“வைச்சா நீ நிப்பியோ? உன்ர மனுசியே உனக்குப் போடாது,” என்றது மூலையிலிருந்து ஒரு குரல்.

அன்றிலிருந்து, அந்தத் தேர்தல் முதலில் நடக்கிற நியூ ஹாம்ப்ஷயர் எங்கள் ஊர்ப் பெயர்போல் ஆகிவிட்டது. யார் முந்துவார் என்று சுருட்டுக் கட்டு வைத்துப் பந்தயம் கட்டினார்கள். இங்கிலாந்தில் ஒரு கட்சி தலைவரை மாற்றினாலும் நான் மூச்சுவிடாமல் வாசிக்கவேண்டும். முடிவு மறுநாள் பேப்பரில்தான் வருமென்றால் என்னைத் திட்டுவார்கள், நான்தான் ஒளித்துவைத்திருக்கிறேன் என்பதுபோல. எனக்குப் பிடித்த பைத்தியம் அது. ஆனால் தனியாகப் பிடித்ததல்ல. இருபது பேரோடு சேர்ந்து பிடித்தது.

மெல்பேர்ணில் அந்தப் பைத்தியம் மட்டும் என்னோடு வந்திறங்கியது, இருபது பேர் வரவில்லை. எழுபதுகளின் நடுப்பகுதி. கிளேட்டனில் இருந்த பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த அத்தான்தான் என்னைக் கூப்பிட்டவர். நான் கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்து, ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்தேன். தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் ஒருநாள், எதிர்க்கட்சியின் தலைவர் தாக்குப்பிடிப்பாரா என்று பக்கத்திலிருந்தவரைக் கேட்டேன். அவர் சாண்ட்விச்சைக் கீழே வைத்து என்னைப் பார்த்தார். மேசை முழுவதும் பார்த்தது. பிறகு ஒருவர் குதிரைப் பந்தயத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சம்பளத்தையும் சாமியையும் அரசியலையும் மேசையில் வைக்கக்கூடாதென்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அன்று முழுவதும் மேற்பார்வையாளர் கூப்பிடுவார், வேலை போகும் என்று அவருடைய அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பயம் வராத விடயம் குறைவு. அத்தான் வேறு அதை வளர்த்தார். “உனக்கேன் தேவையில்லாத வேலை? வந்த இடத்தில வாயை மூடிக்கொண்டு இரு. திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்.”

அதனால் வாயை மூடிக்கொண்டு ரேடியோவைத் திறந்தேன். இங்கே பாராளுமன்றத்தையே வானொலியில் போடுவார்கள். ஒருநாள் வேலிக்கு மேலால் ஒரு சிவந்த முகம் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டது. சத்தம் கூடிவிட்டது என்று நினைத்து, மன்னிப்புக் கேட்டு, ஓடிப்போய் நிறுத்தினேன். அந்த மனிதர் இன்னும் பலமாகக் கத்தினார். திரும்பவும் மன்னிப்புக் கேட்டேன். கடைசியில் அவரே வேலியைச் சுற்றி வந்து, என் அறைக்குள் நுழைந்து, ரேடியோவை முறுக்கிச் சத்தத்தைக் கூட்டிவிட்டு, கட்டிலில் உட்கார்ந்தார். அப்படித்தான் லெஸ் வந்தார். றெயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர், மனைவி இறந்தவர்.

அதற்குப் பிறகு சனிக்கிழமை என்றால் லெஸ். பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பின்கதவால் வருவார். கவிழ்த்த பெட்டிகளில் இருவரும் உட்காருவோம். அந்தக் காலத்தில் எதிர்க்கட்சிக்காரர் கதவைப் பூட்டிக்கொண்டு தங்கள் தலைவரை மாற்றினார்கள். யார் யாருக்குப் போட்டிருப்பார்கள் என்று நாங்கள் பேப்பரின் ஓரத்தில் பெயர் பெயராக எழுதிக் கூட்டிப் பார்த்தோம். “எண்ணத் தெரியவேணும், சிவா,” என்பார் லெஸ். “பேச்சு எல்லாருக்கும் வரும். எண்ணிக்கை சிலருக்குத்தான் வரும்.” என் இங்கிலீஷ் அவருக்குப் பாதி விளங்காது, அவர் வாய்க்குள் மெல்லும் இங்கிலீஷ் எனக்குப் பாதி விளங்காது. பெயர்களும் இலக்கங்களும் போதுமாக இருந்தன. நான் செய்தியை உரத்து வாசிப்பேன். அவர் கண்ணை மூடிக் கேட்பார். கொட்டிலில் எனக்கு இருபது சோடிக் காது. இங்கே ஒரு சோடி. அது போதும் என்றுதான் இருந்தேன்.

பொதுநலவாய நாட்டுக்காரன் என்பதால் எனக்கும் வாக்குரிமை இருந்தது. கட்சியிலும் சேரலாம் என்று லெஸ் கிளைக்குக் கூட்டிப்போனார். சந்தாவுக்கு நாலு டொலரை எண்ணிக் கையில் வைத்துக்கொண்டு ஜோனின் மேசைக்கு முன்னால் நின்றேன். அவர் பின்னல் ஊசியை நிறுத்தாமல், “உங்களுடையது கட்டியாயிற்று. புதிதாக வருபவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ரெக் கட்டிவிட்டார்,” என்றார். தூரத்தில் ரெக் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். என் கை நீட்டியபடியே நின்றது. ஊரில் ஒருவன் வாக்குச்சாவடிக்குப் போக உங்களுக்குக் காசு கட்டினால் நீங்கள் அவனுடைய ஆள். உப்பிட்டவரை நினைக்கவேண்டும் என்பது வயிற்றிலேயே எழுதியிருக்கிறது. லெஸ்ஸிடம் சொன்னேன். “கவலைப்படாதே, திருப்பிக் கொடு,” என்றார், ஏதோ இரவல் வாங்கிய மண்வெட்டியைப் பற்றிப் பேசுவதுபோல.

வாக்கெடுப்புக்கு முதல் சனிக்கிழமை லெஸ் எண்ணிக் காட்டினார். ரெக்கின் பக்கம்: வழக்கறிஞர், ரெக், மகன்மார் இருவர், கிரேக்கர் இருவர். ஆறு. எங்கள் பக்கம்: ஆசிரியை, கணவர், மூலைக்கடைக்காரர் இருவர், ஜோன், லெஸ், நான். ஏழு. “ஏழாவது நீ,” என்று என் முழங்காலில் தட்டினார். எனக்கு அன்று நித்திரை போயிற்று. இங்கே பெயருக்கு நேரே இலக்கம் போடவேண்டும், எங்களைப்போல் பெருக்கல் குறியாகப் புள்ளடி போடக்கூடாது. ரொட்டிக் கடதாசியில் ஒன்று, இரண்டு என்று எழுதி எழுதிப் பழகினேன், எட்டாம் வகுப்பு வரை போனவனுக்கு ஒன்று எழுதத் தெரியாது என்பதுபோல.

கூட்ட நாளில் முதல் வேலையாக, கேத்தலுக்குப் பக்கத்தில் நின்ற ரெக்கிடம் போய் நாலு டொலரை நீட்டினேன். கடனோடு வாக்குப் போடக்கூடாது என்று நினைத்தேன். ரெக் பலமாகச் சிரித்தார். நோட்டுகளை வாங்கி, என் சட்டைப்பையிலேயே திரும்பச் செருகி, பையின்மேல் இரண்டு தட்டுத் தட்டினார். “வைத்துக்கொள், நண்பா. இன்றைக்கு நீ வந்ததே பெரிய காரியம்.”

திரும்பினேன். பிஸ்கட் தட்டோடு லெஸ் நின்றார். அவர் பார்த்தது நான் நீட்டியதை அல்ல, ரெக் செருகியதை.

ஆசிரியையின் பெயருக்கு நேரே ஒன்று போட்டேன். அந்த ஒன்று கொஞ்சம் சாய்ந்திருந்தது. செல்லாமல் போய்விடுமோ என்று பயந்தேன். ஒரு துண்டும் செல்லாமல் போகவில்லை. வழக்கறிஞருக்கு ஏழு, ஆசிரியைக்கு ஆறு. எங்களில் யாரோ ஒருவர் மாறிவிட்டார். மூலைக்கடைக்காரரா, அவர் மனைவியா, ஜோனா? முடிவைக் கேட்டும் தலைநிமிராமல் பின்னிக்கொண்டிருந்தவர் ஜோன் மட்டும்தான். அது எதற்கும் சாட்சியில்லை. லெஸ்ஸுக்குச் சாட்சி தேவைப்படவுமில்லை. அவர் என் சட்டைப்பையை ஒருமுறை பார்த்தார். பிறகு எல்லோரும் தேநீர் குடித்தார்கள். ரெக் எனக்கு ஒரு கோப்பை ஊற்றித் தந்தார்.

காரில் நாய் எங்களுக்கு நடுவில் இருந்தது. என் வீட்டு வாசலில் இறங்கமுன் சொன்னேன். “லெஸ், நான் ரீச்சருக்குத்தான் போட்டனான்.” பதற்றத்தில் முதலில் தமிழில் சொல்லி, பிறகு இங்கிலீஷில் சொன்னேன்.

“அது உன்னுடைய விடயம், சிவா. இரகசிய வாக்கெடுப்பு.”

“இல்லை, அந்தக் காசு...”

“தக்காளி இந்த வருஷம் பிந்திவிட்டது,” என்றார் லெஸ். “குளிர் விடமாட்டேன் என்கிறது.”

கொட்டிலாக இருந்தால் கந்தையாண்ணை என் கழுத்தைப் பிடித்திருப்பார். “எளியவனே, எவ்வளவு வாங்கினாய்?” என்று ஊருக்கே கேட்கக் கத்தியிருப்பார். நானும் கத்தியிருப்பேன். நாலுபேர் விலக்குப் பிடித்து, சத்தியம் வாங்கி, பின்னேரத்துக்குள் முடிந்திருக்கும். இங்கே குற்றம் சாட்டாமலே மன்னித்துவிடுகிறார்கள். சாட்டாத குற்றத்தை எப்படி மறுப்பது? இந்த நாட்டில் வாழ்கிற உங்களில் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

லெஸ் வராமல் விடவில்லை. சனிக்கிழமைகளில் பின்கதவால் வருகிறார். கையில் பேப்பர் இல்லை. தக்காளி, சிலவேளை எலுமிச்சம்பழம். கால்பந்தைப் பற்றிச் சொல்வார், நாயின் காலைப் பற்றிச் சொல்வார். சென்ற மாதம் பெரிய கட்சியொன்றில் தலைமைக்குப் போட்டி வரப்போகிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்த நேரம், நான் சத்தத்தைக் கூட்டினேன். லெஸ் எழுந்தார். “புல் வெட்டவேணும்,” என்று போய்விட்டார். அவர் போனபின் பேப்பரை எடுத்து, பெட்டியில் இருந்தபடி, முதல் பக்கத்தை உரத்து வாசித்தேன். யார் யாருக்குப் போடுவார்கள் என்று ஓரத்தில் பெயர் எழுதினேன். எண்ணிக்கை சரியாக வந்தது. சொல்ல ஆளில்லை.

கொட்டிலிலிருந்து கந்தையாண்ணை எழுதியிருக்கிறார். ஊர்க் கட்சிக் கிளையிலும் இப்போது செயலாளருக்கு வாக்கெடுப்பு வைக்கப்போகிறார்களாம். உறுப்பினர் பட்டியலில் என் பெயரை இன்னும் வெட்டவில்லையாம். ஆனால் சந்தா கட்டாதவனுக்கு வாக்கில்லையாம். இங்கேயோ, நான் ரெக்குக்கு ஒரு கடித உறையில் போட்டு அனுப்பிய பணமும் அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சிரிப்போடு திரும்பி வந்தது. லெஸ் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த உறை ரேடியோவின் மேல் இருக்கிறது. ஆக, இங்கே நான் இன்னும் கொடுக்கவேண்டியது நாலு டொலர். அங்கே சந்தாப் பாக்கி ஒரு ரூபாய் ஐம்பது சதம்.