கோமதி சொன்ன வண்டு

போன சனிக்கிழமை எங்கள் வலியசாலைத் தெருவிலிருந்து நாலு குடும்பம் கல்லாற்றுக்குக் கிளம்பினோம். ஆற்றங்கரையில் டென்ட் போட்டுத் தங்குவதாகத் திட்டம். பொன்முடி மலைக்குப் போகிற வழியில் அங்கே டீ குடிக்க இறங்கியதோடு சரி... எங்களில் யாரும் ராத்திரி தங்கியதில்லை.

என் வீட்டுக்காரர் மணி, முதல் நாளே சாலை பஜாருக்குப் போய் ஒரு ஹெட் லேம்ப் வாங்கி வந்துவிட்டார். நெற்றியில் மாட்டிக்கொள்கிற லைட். கை இரண்டும் ஃப்ரீயாக இருக்குமாம். அந்தக் கைகளுக்கு அப்படி என்ன வேலை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் கிளம்புவதற்கு முன்பே சண்டை.

எனக்கு வேறு கவலை இருந்தது. கிளம்புகிற அன்று காலை எதிர்வீட்டுக் கோமதி என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு விஷயம் சொல்லியிருந்தாள். அவள் கணவர் சங்கரனுக்குக் கண்ணில் ஏதோ கோளாறு. பகலில் ஒன்றுமில்லை. இருட்டிவிட்டால் தடுமாற்றம். அதிலும் முகத்தில் பளிச்சென்று லைட் அடித்தால், கொஞ்ச நேரத்துக்கு எதுவுமே தெரியாது.

இத்தனை வருஷமாகத் தெருவில் யார் டூர் கூப்பிட்டாலும் சங்கரன் வராததற்கு இதுதான் காரணம். நாங்களோ அவரைக் கஞ்சன் என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

"கஞ்சன்னு சொன்னா சொல்லிட்டுப் போட்டும், பாவம்னு மட்டும் சொல்லப்படாதுங்கறார். இந்த ஒரு தடவை நான் பார்த்துக்கறேன்னு சொல்லிக் கிளப்பியிருக்கேன். இதுல ஏதாவது ஆச்சுன்னா அப்புறம் எங்கேயும் வரமாட்டார், கேட்டோ. யார்ட்டயும் மூச்சு விடாதே" என்றாள் கோமதி.

விடவில்லை. வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

கல்லாற்றில் பகல் பொழுது அமர்க்களமாகப் போயிற்று. ஆற்றில் குளியல், புளியோதரை, சீட்டுக்கட்டு. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் சங்கரன்தான். இவர் இவ்வளவு பேசுவாரா என்று ஆச்சரியமாக இருந்தது.

பொழுது சாய்ந்தது. டென்டுகளிலிருந்து சாப்பாட்டுக் கொட்டகைக்கு, கல்லும் வேருமாக ஒரு மேட்டுப் பாதை. எல்லோரும் டார்ச்சை எடுத்தோம். என்னவர் நெற்றிக்கண்ணைத் திறந்தார்.

ஒன்று கவனித்திருக்கிறீர்களா? நம் ஊர்க்காரர்களுக்குத் தலையை ஆட்டாமல் பேச வராது. ஆமாம் என்றால் ஓர் ஆட்டு, இல்லை என்றால் ஓர் ஆட்டு, பார்க்கலாம் என்றால் இரண்டுக்கும் நடுவில் இன்னோர் ஆட்டு. அந்தத் தலையில் லைட்டைக் கட்டிவிட்டால் என்ன ஆகும்? போதாக்குறைக்கு, எதிராளி முகத்தைப் பார்த்துப் பேசுவதுதான் மரியாதை என்று வேறு சொல்லி வளர்த்திருக்கிறார்கள். என்னவர் மரியாதையாகப் பேசப் பேச, ஒவ்வொருவராகக் கண்ணைப் பொத்திக்கொண்டோம்.

கோமதி எப்படி வந்தாள் தெரியுமா? சங்கரனுக்கு முன்னால் நடந்தாள். டார்ச் பின்பக்கமாகத் தாழ்ந்திருந்தது. வெளிச்சம் அவர் வைக்கப்போகிற அடியில் மட்டும் விழுந்தது. தனக்கு அவள் ஒரு பொட்டு வெளிச்சம்கூட வைத்துக்கொள்ளவில்லை. பார்க்கிறவர்களுக்கு என்னவோ அலட்சியமாகக் கையை வீசி நடப்பது போலத்தான் தெரியும்.

பாதி மேடு ஏறியிருப்போம். முன்னால் போன என்னவர் திரும்பினார். "எடா சங்கரா, என்ன ஆமை மாதிரி வரே?"

முழு லைட்டும் சங்கரன் முகத்தில்.

சங்கரன் அப்படியே நின்றுவிட்டார். ஒரு கால் கல்லின் மேல், இன்னொரு கால் அந்தரத்தில். கை மட்டும் காற்றில் எதையோ தேடியது. எல்லோரும் அவரையே பார்க்கிறார்கள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

கோமதி பதறவில்லை. சட்டென்று அவர் கையை எடுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டு, சாதாரணமாகச் சொன்னாள்: "மணி அண்ணா, அந்த லைட்டுக்கு வண்டு வரது. அணைச்சுடுங்கோ. எல்லாருமே கொஞ்ச நேரம் அணைச்சுட்டு நில்லுங்கோளேன், ஆத்துச் சத்தம் எவ்வளவு நன்னா கேக்கறது."

ஒவ்வொரு லைட்டாக அணைந்தது. நின்றோம். நிஜமாகவே ஆறு நன்றாகக் கேட்டது. சற்றுப் பொறுத்து, "ஆமாம், ஜோரா இருக்கு" என்று சங்கரன் குரல் வந்தது. தெளிந்த குரல். அவர் காலைக் கீழே வைத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது.

என்ன பெண் இவள்! "லைட்டை அணை, அவருக்குக் கண் தெரியாது" என்று கத்தியிருந்தாலும் லைட் அணைந்திருக்கும். சங்கரன்தான் அடுத்த நாள் காலையிலிருந்து 'பாவம்' ஆகியிருப்பார்.

அதற்கப்புறம் அங்கே ஒருவர் டார்ச்சும் இடுப்புக்கு மேலே எழும்பவில்லை. ஹெட் லேம்ப்கூட நெற்றியிலிருந்து கைக்கு இறங்கிவிட்டது. வண்டுக்கு இவ்வளவு பயமா என்று எனக்குச் சிரிப்பாக வந்தது.

நேற்று சங்கரன் போன் செய்தார். அவராகவே! அடுத்த தடவை எங்கே போகலாம் என்று கேட்கத்தான். என்னவர் சொன்ன பதில் சமையலறை வரைக்கும் கேட்டது.

"நீ இடத்தைச் சொல்லுடா. வண்டு வராம நான் பார்த்துக்கறேன்."

கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். "உங்களுக்குத் தெரியுமா? எப்போலேருந்து?"

"எது?" என்று கேட்டுவிட்டுத் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

இத்தனை வருஷம் இந்த மனுஷனோடு குப்பை கொட்டியதற்கு, நேற்றுதான் கொஞ்சம் பெருமைப்பட்டேன்... அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.