அந்த வீட்டுக்கு மெஷ் தேவையில்லை

இது நடந்தது. எனக்கு நடந்தது. பட்டப்பகலில், ஒரு புதன்கிழமை, மூன்று இருபதுக்கும் நாலேகாலுக்கும் நடுவில் நடந்தது. அன்றைக்கு நான் நிமிட வாரியாகக் குறித்த அளவுத் தாள் இப்போதும் என் பையில் இருக்கிறது. கதை கட்டுகிற அளவுக்கு எனக்குத் தெம்பு கிடையாது. நடந்ததைச் சொல்வதற்கே இத்தனை நாள் ஆகிவிட்டது.

என் வேலை வைஃபை அளப்பது. வீட்டில் ஒரு மூலையில் இன்டர்நெட் வருகிறது, இன்னொரு மூலையில் வரவில்லை என்று யாராவது புகார் சொன்னால் கடையிலிருந்து என்னை அனுப்புவார்கள். போனைப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்து, எண்களைக் குறித்து, ஒரு முடிவு சொல்ல வேண்டும். ரூட்டரை இடம் மாற்றினால் போதுமா, இல்லை மெஷ் வேண்டுமா? மெஷ் என்றால் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. ஒரு பெட்டிக்குப் பதில் இரண்டு மூன்று பெட்டிகளை வீட்டுக்குள் அங்கங்கே வைப்பதுதான். ஒன்று வாங்கி இன்னொன்றுக்குக் கொடுக்கும், சிக்னல் மூலை முடுக்கெல்லாம் போகும். பாதி வீடுகளுக்கு அது தேவைப்படாது. தேவைப்படாத வீட்டில் தேவையில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டு வருவதில் எனக்கு ஒரு வீம்பு உண்டு. கடைக்காரருக்கு என்னைப் பிடிக்காமல் போனதே அதனால்தான்.

அன்றைக்கு அது மூன்றாவது வீடு. முதல் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இரண்டாவது வீட்டில் பெட்டியை எங்கே வைப்பது என்று புருஷனும் பெண்டாட்டியும் என்னை நடுவில் நிற்க வைத்து முக்கால் மணி நேரம் சண்டை போட்டார்கள். மதியச் சாப்பாடு தள்ளிப்போய், பிறகு மறந்தே போனது. முட்டி இரண்டும் கெஞ்சின. நொந்து நூலாகித்தான் அந்த வீட்டு மணியை அழுத்தினேன்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கலாம். ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை. என்னைவிட அவர் களைத்திருந்தார். அப்பாவுக்கு எட்டு மாதத்துக்கு முன் பக்கவாதம். வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. இத்தனை நாள் விடுப்பு எடுத்துப் பார்த்துக்கொண்டவர், திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பியே ஆக வேண்டும். அதற்காக அப்பா படுத்திருக்கும் பின்னறையில் ஒரு கேமரா வைத்திருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து போனில் பார்த்துக்கொள்ளலாம். ஏதாவது என்றால் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிடலாம், அவரிடம் சாவி இருக்கிறது. எல்லாம் பக்காவாகத்தான் யோசித்திருந்தார். ஆனால் தினமும் மூன்றரைக்கு மேல் படம் நின்றுவிடுகிறது. ஒரு நாள் பத்து நிமிடம், ஒரு நாள் அரை மணி.

அவருடைய அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டாராம். கேமரா ஒழுங்காக ஓடினால் அப்பா அங்கேயே இருக்கட்டும். இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்து முதியோர் இல்லத்துக்குக் கூட்டிப் போய்விடுவார்.

“அங்க போனா அப்பா ஒரு மாசம் தாங்க மாட்டார் சார்,” என்றார் மகள். “மெஷ் போட்டா சரியாயிடுமா? ஆகும்னா ஆகும்னு சொல்லுங்க, ஆகாதுன்னா ஆகாதுன்னு சொல்லுங்க. அண்ணனுக்கு நான் பதில் சொல்லணும்.”

அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

சிக்னல் எண் மைனஸில் வரும். ஐம்பது, அறுபது என்றால் சௌகரியம். எழுபதைத் தாண்டினால் தட்டுத்தடுமாறும். எண்பதைத் தொட்டால் படம் நின்றுவிடும். குறுக்கே ஆள் நின்றாலும் எண் ஏறும், ஏனென்றால் மனித உடம்பு சிக்னலைக் குடிக்கும். அதனால் அளக்கும்போது வீட்டில் இருப்பவர்களை நடமாட வேண்டாம் என்று சொல்வது என் வழக்கம். மகளை முன்கூடத்து சோபாவிலேயே இருக்கச் சொன்னேன். உட்கார்ந்தவர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டு அமைப்பு எளிது. முன்கூடத்தில் ரூட்டர். அங்கிருந்து நேராக ஒரு நடைவழி. அதன் முடிவில் பின்னறை, கதவு விரியத் திறந்திருந்தது. குறுக்கே சுவர் கிடையாது. பார்த்ததுமே இங்கே மெஷ் எதற்கு என்று தோன்றியது.

3:31, முன்கூடம், 38.

3:34, நடைவழி, 47.

3:38, பின்னறை, கேமரா இருக்கும் அலமாரிப் பக்கம், 58. அருமையான எண்.

பெரியவர் விழித்திருந்தார். வணக்கம் ஐயா என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கை கட்டில் கம்பியின் மேல் இருந்தது. விரல் மோதிரம் கம்பியில் மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தது. டக்... டக்... டக்...

3:41. எண் 82.

கேமராவின் பச்சை விளக்கு சிவப்பானது. நான் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. 82... 80... 83... மறுபடி 81. இது சுவரோ பீரோவோ மறைக்கிற எண் இல்லை. சுவர் மறைத்தால் எண் ஏறிய இடத்தில் நிற்கும். உயிருள்ளது மறைத்தால்தான் இப்படி மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கும். பத்து வருஷ அனுபவத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவேன், அது குறுக்கே ஆள்.

நின்ற இடத்திலேயே வாசல் பக்கம் திரும்பினேன். தலையை நிமிர்த்தவில்லை. நிமிர்த்தத் தெம்பில்லை. போன் திரைக்கு அப்பால், வாசல் நிலையில், இரண்டு வெறுங்கால்கள் தெரிந்தன. மேலே ஏதோ வெளிறிய துணியின் விளிம்பு. பெரியவரைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸ் போல என்று நினைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் இடித்தது. ஒரு ஆள் குறுக்கே நின்றால் எண் ஐந்து ஏறும், மிஞ்சிப்போனால் எட்டு. இங்கே இருபத்துமூன்றோ இருபத்துநாலோ ஏறியிருந்தது. ஆளைவிடக் கெட்டியான எதுவோ அது. அதையும் யோசிக்கச் சோம்பல்பட்டுவிட்டேன்.

“வாசல்ல நிக்காதீங்கம்மா, சிக்னலை மறைக்குது,” என்றேன். “உள்ள வந்து உக்காருங்க.”

டக்... டக்... டக் டக் டக் டக்.

பெரியவரின் கை கம்பியை அடி அடி என்று அடித்தது. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்தேன்.

எண் இறங்கியது. 74... 66... 58.

என்னைக் கடந்து ஒரு குளிர் போனது. கட்டில் பக்கத்துப் பிளாஸ்டிக் நாற்காலி... க்ரீச்... என்றது.

3:44. விளக்கு பச்சை.

தட்டும் சத்தம் நின்றுவிட்டது. நான் பத்து நிமிடம் அங்கேயே நின்று அளந்தேன். 58. அசையாத 58. கோளாறு ஆள் நிற்பதுதான் என்று புரிந்துவிட்ட திருப்தியில், தாளின் அடியில் மெஷ் தேவையில்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

முன்கூடத்துக்கு வந்து மகளிடம் விஷயத்தைச் சொன்னேன். யாரும் வாசல் நிலையில் நிற்காமல் பார்த்துக்கொண்டால் போதும். போகிற போக்கில், அந்த நர்ஸ் எத்தனை மணி வரை இருப்பார் என்று கேட்டேன்.

அவர் கண்ணைத் திறந்தார்.

“நர்ஸா? அப்படி யாரும் வர்றதில்ல சார். ஆள் இருந்தா நான் எதுக்குக் கேமரா வைக்கப் போறேன்?”

நியாயமான கேள்வி. அது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். அவர் தன் போனைத் திறந்து காட்டினார். பின்னறையின் படம் பளிச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. கட்டில். பெரியவர். நாற்காலி காலி. பெரியவரின் கண்கள் மட்டும் அந்த நாற்காலியைவிட்டு நகரவில்லை.

பேனாவை வைத்துவிட்டு வந்தேன் என்று பொய் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். ஏன் போனேன் என்று இன்றுவரை என்னையே திட்டிக்கொள்கிறேன்.

3:58. பின்னறை. போனை நாற்காலிக்கு முன்னால் பிடித்தேன். 58.

நாற்காலிக்குப் பின்னால் பிடித்தேன். 83.

இடது பக்கம் நகர்த்தினேன். 58. வலது பக்கம். 59.

மறுபடி பின்னால். 83.

கொஞ்சம் உயர்த்தினேன். 83. இன்னும் உயர்த்தினேன். 83. என் நெஞ்சு உயரத்துக்கு மேலே போனதும் 58.

உட்கார்ந்திருக்கும் ஓர் ஆளின் உயரம் அது. காலி நாற்காலியில்.

பெரியவரைப் பார்த்தேன். கண்ணோரம் நீர் வழிந்திருந்தது.

நான் சுவரோரம் ஒதுங்கினேன். போன் என் நெஞ்சருகே இருந்தது.

58...

க்ரீச்...

66...

நான் நகரவில்லை. போனும் நகரவில்லை.

74...

முகத்தில் குளிர்.

85...

88...

திரையில் எண் மறைந்தது.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. சுவரைத் தேய்த்துக்கொண்டு வந்திருக்க வேண்டும், சட்டைத் தோளில் சுண்ணாம்பு இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் நாற்காலி மறுபடி ஒருமுறை முனகியது.

4:09. மகள் முன்கூடத்தில் எழுந்து நின்றிருந்தார். அவர் கையில் இருந்த போனில் படம் நிற்காமல் ஓடியது. பல நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் சிரிப்பு வந்திருக்கும் போல, சிரிக்கவே அது கொஞ்சம் தடுமாறியது.

“நாலு மணி தாண்டிடுச்சு, படம் நிக்கவே இல்ல. அண்ணனுக்குச் சொல்லிடலாமா சார்?”

என்ன சொல்ல? கேமரா ஓடுகிறது, ஆனால் உங்கள் அப்பா பக்கத்தில் ஒன்றை உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறேன் என்றா? சொன்னால் பைத்தியம் என்பார். நம்பினால் அப்பா இல்லத்துக்குப் போவார். எனக்குப் பசி, வலி, பயம். அந்த வீட்டைவிட்டுப் போனால் போதும் என்று இருந்தது.

“சொல்லிடுங்கம்மா,” என்றேன். “இனிமே படம் நிக்காது.”

அந்தச் சனி, ஞாயிறு நான் தூங்கவில்லை. அவருடைய எண்ணை இரண்டு முறை எடுத்தேன், அழைக்கவில்லை. கோழைத்தனம்தான், வேறு பெயர் இல்லை. உள்ளே ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது. யோசிக்காமல் ஒயர் இழுத்து மெஷ் பெட்டி ஒன்றைப் பின்னறைக்குள் மாட்டியிருந்தாலும் கேமரா ஓடியிருக்கும். வாசலில் நின்றது வாசலிலேயே நின்றிருக்கும். எட்டு மாதமாக அது உள்ளே வரவில்லை. என் வாயால்தான் வந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை 10:15க்கு மகளே கூப்பிட்டார். எடுத்ததும் நன்றி என்றார்.

அப்பா திங்கட்கிழமை போய்விட்டாராம். மகள் வேலைக்குத் திரும்பிய முதல் நாளே, 3:52க்கு.

“படம் ஒரு நொடி கூட நிக்கல சார். பக்கத்து வீட்டு அக்கா ஓடிப் போறதுக்கு நாலு நிமிஷம் ஆச்சு, அதுக்குள்ள முடிஞ்சுது. ஆனா நான் கடைசி வரைக்கும் பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க அன்னைக்கு என்ன சரி பண்ணீங்கன்னு தெரியல, அந்தப் புண்ணியம் உங்களுக்கு.”

ஒன்றும் பண்ணவில்லையம்மா என்றேன்.

பிறகு அவர் ஒன்று சொன்னார். அதைப் பற்றி டாக்டரிடமும் கேட்டாராம், கடைசி நேரத்தில் உடம்பு அப்படி ஏதாவது செய்யும் என்று டாக்டர் முடித்துவிட்டாராம். எட்டு மாதமாக அசையாத அப்பாவின் வலது கை 3:48க்கு மெல்ல மேலே எழும்பியிருக்கிறது, யாரோ பிடித்துத் தூக்குகிற மாதிரி. நாற்காலிப் பக்கமாக நீண்டு, இழுபட்டு, நாலு நிமிடம் அந்தரத்திலேயே நின்றிருக்கிறது.

அந்த நாலு நிமிடமும் இடது கை கட்டில் கம்பியை விடவில்லை. பிறகு அந்த விரல்களைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்ததாம்.