காலையில் மட்டும் திணறிய கம்ப்யூட்டர்

சில வருடங்களுக்கு முன், சரவணம்பட்டியில் ஒரு ஸ்கேன், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பில் போடும் வேலையில் இருந்தேன். விடிந்ததும் வெறும் வயிற்றோடு வந்து வரிசையில் நிற்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் என் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும். பெயரை அடித்துவிட்டு, ரசீது வருமா வராதா என்று நான் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வரிசையே என்னை முறைத்துக்கொண்டிருக்கும்.

எங்கள் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொதுவான சர்வரைக் கவனிக்கிறவர் கூட்டம் ஓய்ந்த மதியத்தில்தான் வருவார். ஹார்ட் டிஸ்க்கில் பாதி இடம் காலியாக இருக்கிறது, ஒரு குறையும் இல்லை என்பார். இப்போது எப்படி ஓடுகிறது என்று என்னையும் கேட்பார். குறை சொல்லக் கூசும் எங்கள் ஊர் வாய் ஆயிற்றே, "பரவாயில்லீங்க" என்றுதான் சொல்வேன்.

ஒருநாள் வரிசையில் நின்ற சர்க்கரை நோயாளி ஒருவர் மயங்கிச் சரிந்தார். ஜூஸ் கொடுத்து உட்கார வைத்தோம், நல்லவேளை, தெளிந்துவிட்டார். ஆனால் முதலாளியம்மா எல்லோர் முன்னாலும், "கொஞ்சம் வெரசாப் பண்ணக் கூடாதுங்களா அம்மணி?" என்று கேட்டுவிட்டார். எனக்கு அவமானமாகப் போயிற்று. மாதக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அதன்பின் உக்கடத்திலிருந்து வேறொரு சர்வீஸ்காரரை வரவழைத்தார்கள். அவர் காலைக் கூட்டத்திலேயே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். டிஸ்க் கொஞ்சம்கூட ஓயாமல் ஓடுவதையும், வேலைகள் பின்னால் காத்துக் கிடப்பதையும் முதலாளியம்மாவைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார்.

"இடம் காலியா இருந்தாப் பத்தாதுங்க. கேமரா பதிவு, ஸ்கேன் படம், பில்லு எல்லாம் இந்த ஒரே டிஸ்க்குலதானுங்க. கூட்டம் வந்தா அதுக்கு முடியறதில்லீங்க. அம்மணி மேல தப்பே இல்லீங்க."

கேமரா பதிவை மட்டும் வேறு டிஸ்க்குக்கு மாற்றினார். மறுநாள் பெயரை அடித்த கையோடு ரசீது வந்தது. சந்தோஷப்பட வேண்டிய எனக்கு அழுகைதான் வந்தது.

முதலாளியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஏன் கண்ணு, இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலை?" என்றார். போக வேண்டாம் என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தார். எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்குவதா என்ற வீம்பில் கிளம்பி வந்துவிட்டேன். அந்த வேலை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது வீட்டில் சும்மா உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது.

இப்போது வேறிடத்தில் இருக்கிறேன். யாராவது சௌகரியமா என்று கேட்டால் "பரவாயில்லீங்க" இன்னும் நாக்கு நுனி வரை வந்துவிடுகிறது. "முடியலைங்க" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் அந்த நாற்காலியில் இன்றைக்கும் நான்தானே இருந்திருப்பேன் என்று அப்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன்.