குவாத்தமாலாவுக்கும் சேர்த்து

இன்றைய தேதிவரை மூன்றாம் உலகப்போர் மூளாமல் இருப்பதற்கு ஒரே காரணம் எங்கள் சுருளியம்மாள் அத்தைதான். டெல்லியில் வெளியுறவைப் பார்த்துக்கொள்கிறவர்கள் கோட்டு மாட்டிக்கொண்டு நாடு நாடாகப் பறக்கிறார்கள். அத்தை அதே வேலையைப் போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் ஜீப்பின் பின்சீட்டில், மடியில் தூக்குவாளியோடு உட்கார்ந்தபடி முடித்துவிடுகிறார். சவுதியிலிருந்து இன்னும் யாரும் பொன்னாடை கொண்டுவரவில்லை. வழியில் வந்துகொண்டிருக்கலாம்.

அத்தைக்குச் சொந்த ஊர் சிலமலை. வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. கல்யாணமான மறுமாதம் ஏலத்தோட்டத்துக்கு ஏறத் தொடங்கியவர், இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறார். தோட்டம் மெட்டைத் தாண்டிக் கேரளத்துக்குள், பூப்பாறைக்குப் பக்கம். ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். ஆனால் காய் காய்ப்பது அடித்தூரில், மண்ணோடு படர்ந்து கிடக்கும் சரங்களில். நாள் முழுக்கக் குத்தவைத்துத்தான் எடுக்க வேண்டும். அத்தை நிமிர்ந்து நிற்பதை நான் பார்ப்பது ஜீப்பில் ஏறும்போதும் இறங்கும்போதும்தான்.

நானும் பள்ளிக்கூடமும் பத்தாவதோடு ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். வரைபடக் கேள்வியில் அரபிக்கடலைக் கல்கத்தா பக்கம் போட்டுவிட்டு வந்தவன் நான். அதே தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்தேன். முதல் நாள் மலை வளைவுகளில் என் காலைச் சாப்பாடு முழுவதும் வெளியே வந்துவிட்டது. அத்தை தன் ஓர இடத்தை எனக்கு விட்டுவிட்டு நடுவில் நசுங்கி உட்கார்ந்தார். மற்றவர்கள் சிரித்தபோது, “மலை ஏறுற பயலுக்கு மொத நாளு அப்படித்தான்” என்று ஒரு வார்த்தையில் முடித்துவிட்டார். மறுநாள் நான் வேலைக்குப் போனது அந்த வார்த்தையால்தான். இதை அவரிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஆடியிலும் முதல் காய் எடுப்பதற்கு முன் தோட்டத்துக் கருப்பசாமிக்குப் பொங்கல் வைப்போம். எல்லோர் சார்பிலும் ஒருவர் சாமி முன் நின்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பல வருடங்களாக அது அத்தைதான். அன்று ஒரு நாள் அவருக்குப் புதுச்சேலை, முதல் இலை, முதலாளியே ஒதுங்கி வழிவிடும் மரியாதை. வருடம் முழுக்கச் செடிக்கு அடியில் கிடப்பவருக்கு அது சின்ன விஷயமில்லை.

அத்தை எதையும் கேட்பதற்கு முன் நன்றி சொல்வார். அது கொஞ்சம் நீளும். ஜீப்பு பிரேக்குக்கு நன்றி. பெய்த மழைக்கு நன்றி, நின்ற மழைக்கும் நன்றி. அட்டை கடித்தாலும் பாம்பு கடிக்காததற்கு நன்றி. பிறகு மலையை விட்டு இறங்கிக் கடலைத் தாண்டுவார். “காப்பியில ஏலக்காய் போட்டுக் குடிக்கிற அரபு நாட்டுச் சனம் நல்லாருக்கணும். டீயில போட்டுக் குடிக்கிற ஈரான் சனமும் நல்லாருக்கணும். அவுக குடிக்கிறதாலதான் நாங்க குடிக்கிறோம்.”

அந்த இரண்டு பக்கமும் முறைத்துக்கொள்வதாக என் போனில் செய்தி வரும்போதெல்லாம் ஜீப்பில் விவாதம் நடக்கும். கூடக் காய் எடுக்கும் மருதாயி அக்காதான் கிளப்பிவிடுவார்.

“ஏன்க்கா, நீ யாரு பக்கம்?”

“ரெண்டு பக்கமும்.”

“அதெப்படி?”

“காய் வாங்குற ரெண்டு வீட்டுக்குள்ள சண்டைன்னா அதுல நமக்கு என்னடி சோலி. கப்பல் போகணும்ல. ரெண்டு வாசல்லயும் கும்புட்டு நிக்கணும்.”

அணிசேராக் கொள்கை என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. பரீட்சையில் எனக்கு மார்க் போன கேள்வி அது.

இந்த ஆடியில் முதலாளி விஜயபாண்டி இந்த வெளியுறவுக் கொள்கையில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். முதலாளி கெட்டவர் இல்லை. விலை இறங்கினால் மட்டும் தூக்கம் வராது. அமெரிக்கக் கண்டத்தின் நடுவில் குவாத்தமாலா என்று ஒரு நாடு இருக்கிறது. அங்கேயும் ஏலக்காய்தான், விற்பதும் இதே அரபுக்காரர்களுக்குத்தான். அங்கே மழை பொய்த்தால் போடியில் விலை ஏறும். விலை ஏறினால் எங்கள் தீபாவளி போனசும் ஏறும்.

“சுருளியம்மா, அரபு நாட்டுல சண்டை வேண்டாம்னு கேக்குறீங்கள்ல. அப்படியே குவாத்தமாலாவுல இந்த வருசம் மழை வேண்டாம்னு ஒரு வார்த்தை போட்டுருங்க” என்றார்.

“அங்கயும் காய் எடுக்குற பொம்பளைக இருப்பாகல்ல மொதலாளி?”

“இருப்பாங்க. அதுக்கென்ன?”

“இல்ல, கேட்டேன்.”

“வாய் வரலைன்னா சொல்லிருங்க. இந்தத் தடவை மருதாயி சொல்லட்டும்.”

அன்று இறங்கும்போது ஜீப்பில் மருதாயி அக்கா மெல்ல ஆரம்பித்தார். “ஒரு வார்த்தைதானக்கா. அந்தூருக்காரிக்குக் கேக்கவா போகுது? உன் எடம் எனக்கு வேண்டாம். ஆனா போனசு வேணும்.”

“சாமிக்குக் கேக்குமேடி” என்றார் அத்தை.

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. அந்த ஊர்க்காரிமேல் அத்தைக்குக் கோபமூட்டினால் அந்த வரியைச் சொல்லிவிடுவார், சாமி முன் நிற்கும் இடமும் தப்பிக்கும் என்று கணக்குப் போட்டேன். போனில் தேடி, குவாத்தமாலாவில் ஒரு பெண் காய் எடுக்கும் வீடியோவைக் கண்டுபிடித்தேன். அவள் பேசிய மொழி எனக்குத் தெரியாது. ஆகவே நானே மொழிபெயர்த்தேன்.

“அத்தே, இந்தம்மா என்ன சொல்லுதுன்னா, போடிப் பக்கம் செடியெல்லாம் அழுகிப்போகணும், சுருளியம்மாளுக்கு இடுப்பு புடிச்சுக்கணும்னு நேந்துக்கிட்டிருக்கு.”

அத்தை போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இன்னொரு முறை ஓட்டச் சொன்னார். முதுகில் துணியால் பிள்ளையைக் கட்டிக்கொண்டு, செடியின் அடியில் குத்தவைத்து, அந்தப் பெண் சரத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

“பொய் சொல்லாதடா. முதுகுல புள்ளையும் கையில சரமுமா இருக்குறவளுக்கு நம்மள நெனைக்க ஏதுடா நேரம்?” என்றவர், போனைத் திருப்பித் தரும்போது, “இப்படி ஒக்காந்தா முட்டி போயிரும் அவளுக்கு. ஒரு காலை மடிச்சுக்கணும். யாராச்சும் சொன்னாத் தேவலை” என்றார்.

என் கணக்கு அத்தோடு போச்சு.

பொங்கல் நாள் வந்தது. அத்தை ஊதாச் சேலையில் சாமி முன் நின்றார். பிரேக், மழை, அட்டை, பாம்பு எல்லாம் முடிந்தது. அரபு நாடு முடிந்தது, ஈரானும் முடிந்தது. முதலாளி லேசாக இருமினார். மருதாயி அக்கா தரையைப் பார்த்தார். அத்தை தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ ஒரு காற்று. தீபாராதனைக்குக் கொளுத்த வேண்டிய சரவெடி என் பொறுப்பில் இருந்தது. பக்கத்தில் ஊதுபத்தி. நெருப்பு பறந்து திரியில் விழுந்துவிட்டது. இயற்கையை யார் என்ன செய்ய முடியும்? கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது, முதலாளி காதைப் பொத்திக்கொண்டார். புகை விலகியபோது அத்தை கும்பிட்ட கையோடு நின்றிருந்தார். உதடு ஓய்ந்திருந்தது.

“சொன்னீங்கள்ல சுருளியம்மா?”

“சொல்ல வேண்டியதச் சொல்லிட்டேன் மொதலாளி.”

முதல் இலை அத்தைக்கே விழுந்தது. எனக்கு முதலாளியிடம் வசவு விழுந்தது. தீபாவளிக்குப் போனசும் வந்தது. குறைச்சல் என்று மருதாயி அக்கா சொன்னார். அவர் எப்போதும் சொல்வதுதான்.

போன வாரம் போடிமெட்டில் டீக்கு ஜீப்பு நின்றபோது, இதுவரை எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். ஜீப்பில் இடம் விட்டதைப் பற்றி எழுதியதை மட்டும் தாண்டிப் படித்தேன். அத்தை டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

“நல்லாத்தான் எழுதிருக்க. ஆனா அன்னைக்கு ஒரு எலை ஆடலையேடா.”

“ஆடுச்சு அத்தே. நீங்க கண்ண மூடிருந்தீங்க.”

“ஒரு கண்ணத்தான் மூடிருந்தேன்.”

என் கையைப் பிடித்துத் திருப்பினார். கட்டைவிரலில் தீக்காயத் தழும்பு. “இது ஸ்டோர் அடுப்பு சுட்டதுன்னு உங்க ஆத்தாகிட்டச் சொன்னியாம்.”

நான் டீயைக் குடித்தேன்.

“நமக்கும் மழை பெய்யணும், குவாத்தமாலாவுக்கும் சேர்த்துப் பெய்யணும்னு மொதலாளி மொகத்துக்கு நேரா சத்தமாச் சொல்லணும்னு தொண்டையச் செருமி வச்சிருந்தேன்டா. வெடியப் போட்டுக் கெடுத்துட்ட. சாமிக்கு மட்டுந்தான் கேட்டுச்சு.”

“உங்க எடம் போயிருக்கும் அத்தே.”

“மறுநாளே அவருகிட்டப் போய்ச் சொல்லிட்டேன்.”

கிளாசைக் கீழே வைத்தேன். “என்ன சொன்னாரு?”

“தலையச் சொறிஞ்சாரு. அப்புறம், ‘நமக்கும் கேட்டீங்கள்ல’ன்னாரு. நமக்குத்தான் மொதல்ல கேட்டேன்னேன். சரி போங்கன்னாரு.”

ஜீப்பு ஹாரன் அடித்தது. அத்தை முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தார்.

“காத்துன்னு எழுதுனத அடிச்சுட்டு, வெடி வச்சவன் பேரைப் போட்டு எழுது. வர்ற ஆடிக்கு நான் நன்றி சொல்றப்ப, யாருக்குன்னு சாமி கேக்கும்ல.”