அத்தை ஒட்டிய சிவப்பு அம்பு

அன்றைக்கு எங்கள் மேனாம்பேடு வீட்டில் இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். அப்பா, அம்மா, அத்தை, கரையான்சாவடியிலிருந்து பிரியாணிப் பொட்டலத்தோடு வந்திருந்த பெரியப்பா, அப்புறம் நான். இதைக் கணக்காகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்போது எந்தக் கல்யாண வீட்டில் அத்தை சிங்கப்பூர் போன பேச்சு வந்தாலும், "நாங்கதான் தைரியம் சொல்லி அனுப்புனோம்" என்று எட்டு பத்துப் பேர் கிளம்பிவிடுகிறார்கள். அவர்களில் ஒருத்தரும் அங்கே இல்லை. இருந்தவர்களிலும் ரெண்டு பேர் வேண்டாம் என்றவர்கள். மூன்றாவதாகக் காலை வாரிவிடப் பார்த்தவள் நான். யாருக்குக் கோபம் வந்தாலும் வரட்டும், நடந்ததைத்தான் எழுதப் போகிறேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. வீட்டில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். மூன்று வருஷம் கழித்து நானும் ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன்.

அத்தை அப்பாவுக்கு அக்கா. கல்யாணம் வேண்டாம் என்று எங்களோடு இருந்தாள். வெளிநாட்டுக்குச் சட்டை தைத்து அனுப்பும் அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் பத்தொன்பது வருஷமாகச் செக்கிங் வேலை. மாதிரிச் சட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தைத்து வருவதில் தையல், பட்டன், லேபிள் எல்லாம் ஒத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தப்பு இருக்கிற இடத்தில் நகம் அளவுக்கு ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவாள். அந்த ஸ்டிக்கர் அட்டை எப்போதும் அவள் பர்ஸில் இருக்கும்.

அப்பாவுக்குத் தெரியாமலே மூன்று மாதத்தில் பாஸ்போர்ட் வாங்கியிருந்தாள். விசாரிக்கப் போலீஸ்காரர் வந்த அன்று அப்பா லோடு ஆட்டோவோடு திருமழிசைப் பக்கம் போயிருந்தார். அம்மாதான் பதில் சொல்லி அனுப்பினாள், அப்பாவிடம் மூச்சு விடவில்லை. கம்பெனியில் லீவு லெட்டர் ஆயிற்று. காது ரெண்டும் தெரிய, சிரிக்காமல், வெள்ளைத் துணிக்கு முன்னால் போட்டோவும் ஆயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் குமணன்சாவடி டிராவல்ஸ்காரர் கொடுத்த விசா படிவத்தை டிவி ஸ்டாண்டில் விரித்து, என் கையில் பேனாவைக் கொடுத்தாள். பக்கத்தில், வேறு யாரோ நிரப்பிய படிவத்தின் ஜெராக்ஸ் ஒன்று, மாதிரிக்கு.

"இன்னாத்துக்கும்மே போறே?" என்றார் பெரியப்பா.

"சுத்திப் பாக்க, அண்ணாத்தே."

"எத்த?"

"எல்லாத்தயும்தான்."

"அங்க நமக்கு யார் கீறாங்க?"

"யாரும் இல்ல. அதான் போறேன்."

அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "தெருவுல நாலு பேர் கேட்டா நான் இன்னாக்கா சொல்றது? திருப்பதின்னா ஒரு காரணம் கீது. ஒண்டி பொம்பள, சும்மா சுத்திப் பாக்கப் போறேன்னா?"

அத்தை சத்தம் போடவில்லை. "பத்தொம்போது வருசமா நான் பாஸ் போட்ட சட்டைங்க கப்பல் ஏறிக்கினேதான் கீது. ஒரு சட்டையயாவது நிறுத்தி, நீ இன்னாத்துக்குப் போறேன்னு எவனாவது கேட்டானா, தம்பி?"

பெரியப்பா எலும்பை ரொம்ப நேரம் கடித்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் கேட்கிற சாக்கில் அப்பா என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தாள். "போற காரணம்னு ஒரு கட்டம் வரும். சொந்தக்காரங்களப் பாக்கன்னு எழுது. பெரியப்பாவோட சகலை பையன் அங்க கப்பல் பட்டறைல கீறான், அவன் பேரப் போட்டுடு. அத்தைக்கு இங்கிலீசு தெரியாது." மிரட்டவில்லை. கெஞ்சுகிற மாதிரிதான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

படிவத்தின் கடைசியில், பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று பொடி எழுத்தில் ஒரு வரி. அதைப் படித்ததும் சிங்கப்பூர் போலீஸ் மேனாம்பேட்டுக்கு எந்த பஸ்ஸில் வரும் என்றுகூட யோசித்தேன். ஆனால் சிங்கப்பூர் தூரத்தில் இருந்தது, அப்பா பக்கத்தில் இருந்தார். அவர் சொன்னதையே எழுதினேன். கையெழுத்து முத்து முத்தாக விழுந்தது.

முடிந்ததும் அத்தை படிவத்தை இழுத்து ஜெராக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தாள். இங்கிலீஷ் தெரியாதவளுக்குத் தப்பு எப்படித் தெரியும் என்று நானும் அப்பாவும் நினைத்திருந்தோம். அவள் பத்தொன்பது வருஷமாக ஒத்துப் பார்த்த லேபிள்களில் ஒன்றுகூட அவளுக்குப் படிக்கத் தெரிந்த மொழியில் இல்லை. அது எங்கள் புத்திக்கு எட்டவில்லை.

இதில் ஒரு விரல், அதில் ஒரு விரல். கட்டம் கட்டமாக இறங்கி வந்தாள். அந்தக் கட்டத்தில் ரெண்டு விரலும் நின்றுவிட்டன.

"மாதிரில இங்க ஒரே ஒரு வார்த்த கீது. நம்முதுல ரயிலு மாதிரி ஓடுதே."

அத்தை பர்ஸைத் திறந்து, ஒரு சிவப்பு அம்பைப் பிய்த்து, அந்த வரிக்கு நேராக ஒட்டினாள்.

அறை விழப் போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. "ஆபரேட்டர் மேல தப்பில்ல," என்றாள், அப்பாவைப் பார்த்துக்கொண்டே. "சூப்பர்வைசர் சொன்னத தெச்சிருக்குது."

"ஒன் நல்லதுக்குதான்கா."

"என் நல்லதுன்னா என் மூஞ்சியப் பாத்தே சொல்லலாமே. அடுப்படில இன்னா வேல?" பையிலிருந்து புதிதாக ஒரு படிவத்தை எடுத்தாள். "டேமேஜுக்குன்னு ரெண்டு சேத்தே வாங்கியாந்தேன். நீ எழுது, பாப்பா."

மாதிரியில் இருந்த அந்த ஒற்றை வார்த்தையை எழுதினேன். டூரிசம். அத்தை விரல் வைத்துப் பார்த்து, "பாஸ்" என்றாள்.

அப்பாவிடம் கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. "பேங்குல ஒரு லட்சமாவது தெரியணும்னு டிராவல்ஸ்காரன் சொன்னானாமே. ஒன் புக்குல எண்பத்திரண்டுதான கீது. பாக்கி பதினெட்டுக்கு எங்கிட்ட வராத."

அதுவரை வாயே திறக்காத அம்மா, கையைப் புடவையில் துடைத்தபடி வந்து நின்றாள். "நான் போடறேன், அண்ணி."

அப்பா திரும்பினார். "ஒங்கிட்ட ஏது?"

"கீது."

புடவைக்கு ஃபால்ஸ் அடித்துச் சேர்த்த காசு. மிக்ஸி அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. அப்பா அதற்கப்புறம் அத்தையைப் பார்க்கவே இல்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பணத்தை மறைத்துவிட்டாளே என்ற கோபம் என்று நினைத்தேன்.

விசா வந்தது. பெட்டியைப் பழைய பேப்பர் கடைத் தராசில் எடை போட்டோம். பேங்கிலிருந்து எடுத்து வந்த பதினெட்டாயிரத்தை அத்தை கொடுத்தபோது, அம்மா எண்ணிப் பார்த்து, மூவாயிரத்து ஐந்நூறைத் தனியாகப் பிரித்துத் திருப்பி நீட்டினாள். "இருக்கறது அஞ்சு நாளு. அதுல ஒரு நாளு என் கணக்குல சுத்துங்க, அண்ணி."

அத்தை போனாள், வந்தாள். ஒரு பெரிய கடையில் சட்டை ஒன்றைப் புரட்டிப் பார்த்ததில் நூல் தொங்கியதாம், அம்பு ஒட்டிவிட்டு வந்தேன் என்றாள். அடுத்த சம்பளத்தில் மூவாயிரத்து ஐந்நூறை எடுத்து வந்து நீட்டினாள். அம்மா வாங்கவில்லை.

"இங்க வேணாம், அண்ணி. அங்க வந்து வாங்கிக்கறேன்."

எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தவள் நான். நல்ல ஜோக் என்று மறுநாள் பள்ளிக்கூடத்தில்கூடச் சொன்னேன். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. பணத்தை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

பதிமூன்று வருஷமாக ஒவ்வொரு தீபாவளி போனஸுக்கும் அத்தை அதை எடுத்து நீட்டுவதும், அம்மா அதே பதிலைச் சொல்வதும் நடந்துகொண்டே இருந்தது. அது ஜோக் இல்லை என்று தெரிய எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

போன வாரம் அம்மாவுக்குச் சிங்கப்பூர் விசா படிவம் நிரப்பினேன். இப்போதெல்லாம் செல்போனிலேயே நிரப்பலாம். "சொந்தக்காரங்கன்னு போட்டா ஈசியா கெடைக்குமே" என்று அப்பா மெல்ல ஆரம்பித்தார். காதில் விழாத மாதிரி டூரிசம் என்று போட்டேன். அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையில் கட்டம் கட்டமாக விரல் வைத்துப் பார்த்து, "பாஸ்" என்றாள்.

விசா இன்னும் வரவில்லை. ஏதாவது தப்பாகப் போட்டுவிட்டேனோ என்று தூக்கம் பிடிக்கவில்லை. வராவிட்டால் மறுபடி போடுவேன். அத்தை அம்மாவுக்கு அங்கே வைத்துத் தர வேண்டிய பாக்கி மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்.