சுத்தமாக எழுதிய உயில்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாக எழுதப்பட்ட பத்திரம் ஓர் உயில். எழுதியவன் நான், அப்போது நான்காம் வகுப்பு.

ஆம்பூர்த் தோல் ஷாப்பில், தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்த்த பெரியப்பா, நெஞ்சில் சளி கட்டிப் படுத்துவிட்டார். பெண்டு பிள்ளை இல்லாதவர். கூடவே இருந்து சோறாக்கிப் போட்ட தங்கைக்கு, அதாவது என் விதவை அத்தைக்கு, தன் இரண்டறை வீடு முழுவதும் சேர வேண்டும் என்பது அவர் ஆசை. வேலூருக்குப் போய் ஒரு வக்கீலைப் பார்த்துவிடலாம் என்றாள் அத்தை.

"வக்கீல் இன்னாத்துக்கு? நம்ம வூட்லயே படிச்சவன் கீறான்" என்றார் பெரியப்பா.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். மசி தடவிக் கட்டைவிரலை வைத்தார். சாட்சிக்கு வந்த தொட்டிக்காரர்கள் இருவரும் அதன் கீழே தங்கள் விரலை வைத்தார்கள். வருஷக்கணக்காகச் சுண்ணாம்பில் ஊறிய விரல்கள். ரேகை என்று ஒன்றும் விழவில்லை. மூன்று கறுப்புத் திட்டுகள்தான்.

"பையன் எழுத்து முத்து மாதிரி கீது. நாமதான் எருமை மிதிச்சாப்ல வச்சிருக்கோம்" என்று ஒரு சாட்சி சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் மசி அப்பிய தாளை வாத்தியார் கிழித்துவிடுவார். இரண்டு நாளாகத் தாளை எடுப்பதும் பார்ப்பதும் வைப்பதுமாக இருந்தேன். மூன்றாம் நாள் புதுத் தாளில் சுத்தமாக எழுதினேன். பெரியப்பாவுக்கு அதற்குள் நினைவு தப்பியிருந்தது. அத்தையைக் கூப்பிட்டேன்.

"மூணு எடத்துலயும் நீயே வை அத்தை. பழசு கெட்டுப்போச்சு."

"நானா வைக்கிறது?"

"ரேகை தெரிஞ்சா போதும்."

"படிச்ச புள்ள, நீ சொன்னா சரிதான்" என்று வைத்தாள். அழகாக விழுந்தது. பழைய தாளை அடுப்பில் போட்டேன்.

பெரியப்பாவை அடக்கம் செய்த மறுவாரம், தனக்கும் பங்கு உண்டென்று அப்பா அந்தத் தாளை வேலூர் வக்கீலிடம் கொண்டுபோனார். அத்தையும் வந்தாள், எழுதியவன் என்று என்னையும் இழுத்துப் போனார்கள். வக்கீல் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்.

"தொட்டியில வேலை செஞ்ச ஆளுக்கு ரேகை ஏதுப்பா? மூணும் ஒரே விரல். யாருது?"

நான் அத்தையின் புடவையைப் பிடித்துக்கொண்டேன்.

"நான்தான் வச்சேன் ஐயா" என்றாள். என் பேச்சையே எடுக்கவில்லை. அப்பா அவளைப் பார்த்த பார்வையில், பழைய தாளைப் பற்றி நானும் சொல்லவில்லை.

உயில் செல்லாது, அப்பாவுக்கும் அத்தைக்கும் சரிபாதி என்றானது. இரண்டறையை எங்கே பிரிப்பது? வீட்டை விற்றார்கள்.

எரிந்துபோன உயிலைக்கூட, விரல் வைத்ததைக் கண்ணால் பார்த்த சாட்சிகள் வந்து சொன்னால் கோர்ட்டு கேட்கும் என்று பல வருஷம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அடுப்பில் போட்டது போனதுதான் என்றே அன்று நினைத்திருந்தேன்.

அத்தை வாணியம்பாடிக்குக் கிளம்பிய காலையில், அவள் பானை சட்டிகளை வண்டியில் ஏற்றியது அந்தத் தொட்டிக்காரர்கள் இருவரும்தான்.

"நாம வச்சதும் செல்லாதாமே" என்று ஒருவர் மற்றவரிடம் குறைப்பட்டுக்கொண்டார்.

அத்தையின் வீடு இன்னும் அவர்கள் இருவரின் வாய்ச்சொல்லில் இருக்கிறது என்று தெரியாமல், கீழே கிடந்த முறத்தை எடுத்து அவர்களிடம் நீட்டினேன்.