ஆறு மாதத்தில் இரண்டே ஊசியா?

போன செவ்வாய்க்கிழமை என்னை வேர்க்க வைத்தது ஒரு சின்ன எண். இரண்டு.

நல்லூரில் நான் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், தைக்கும்போது ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து, பதிவு செய்தாக வேண்டும். குழந்தை போடும் சட்டை... முனை உள்ளேயே தங்கிவிட்டால்?

முன்பெல்லாம் நோட்டில் எழுதினார்கள். ஆறு மாதமாக, நான் செய்த சாஃப்ட்வேரில். எழுதுவது திருநெல்வேலிப் பக்கத்து சூப்பர்வைசர் லில்லி அக்கா.

ஆடிட்டுக்கு வந்த அதிகாரி, "ஊசி உடைஞ்ச பதிவெல்லாம் காட்டுங்க" என்றார். 'ஊசி' என்று தேடினேன். இரண்டே பதிவுகள்!

"ஆறு மாசத்துல ரெண்டே ஊசியா?" அவர் பார்வை அக்கா பக்கம் திரும்பியது. எழுதாமல் மறைத்தார் என்றால், வேலையே போய்விடும்.

"ஏல தம்பி, ஒண்ணுவிடாம எழுதியிருக்கேம்லா! துண்டெல்லாம் டப்பாவுல கெடக்கு!"

மேனேஜர் என்னைப் பார்த்தார். "ஏனுங்க தம்பி, உங்க சாஃப்ட்வேரு அக்காவப் பொய்க்காரி ஆக்கிப்போடுமாட்ட இருக்குதுங்க?"

மொத்தப் பட்டியலையும் திறந்து உருட்டினேன். இருந்தது! 'ஊசிய ஒடச்சிட்டா.' 'ஊசிமுனை கெடச்சிட்டு.' 'ஊசியோட நடுத்துண்டு மெஷினுக்கு அடியில.' அக்கா பேசுவது போலவே.

என் தேடலோ, 'ஊசி' தனியாக நின்றால்தான் கண்டுகொள்ளும். 'ய', 'யோட' என்று வால் முளைத்தால் அதற்கு வேறு சொல். ஆங்கிலத்தில் அந்த வாலை நறுக்கிவிட்டுத் தேடும் வசதி டேட்டாபேஸிலேயே உண்டு. தமிழுக்கு நான் எதுவும் செய்து வைக்கவில்லை. சோதித்துப் பார்த்தேனா என்கிறீர்களா? பார்த்தேனே – 'ஊசி' என்று எழுதி, 'ஊசி' என்றே தேடி!

பள்ளிக்கூடம் போகாத என் அம்மா, பஸ் போர்டில் முதல் எழுத்து 'ந' என்றால் போதும்... கண்டக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறிவிடுவார். கம்ப்யூட்டருக்கும் அதையே சொன்னேன். 'ஊசி' என்று ஆரம்பித்தால் எடு, பின்னால் எது வந்தாலும் சரி. அதற்குத் தேவைப்பட்டது 'ஊசி'க்குப் பின்னால் ஒரு நட்சத்திரக் குறி.

திரை முழுக்க ஊசிகள்! அதிகாரி டப்பாவைக் கொட்டி, ஒவ்வொன்றாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டார். அக்கா துண்டுகளைத் திரும்ப டப்பாவில் அள்ளிப் போட்டார்.

"இனிமே எப்பிடி எழுதணும் தம்பி? புஸ்தகத்துல இருக்க மாதிரியா?"

"இப்ப எழுதற மாதிரியேங்க்கா."

'பதிவுகளைச் சரியாக எழுதுவது எப்படி' என்று அக்காவுக்காக நான் அடித்து வைத்திருந்த தாள் இன்னும் என் மேஜையில்தான் இருக்கிறது – டீ கிளாஸுக்கு அடியில்.